ஹோல்புரூக் என்கிற குலசிங்கம்

மார்ட்டின் ஹோல்புரூக் என்று யாராவது கூப்பிட்டால் குலசிங்கம் எழும்பிவிடுவார். முப்பத்தேழு வருடப் பழக்கம். பல் வைத்தியரிடம், வங்கியில், வாகன உரிமம் புதுப்பிக்கிற இடத்தில், எங்கே அந்தப் பெயரைக் கூப்பிட்டாலும் கூப்பிடுகிறவரின் கண் முதலில் அங்கே குந்தியிருக்கிற வெள்ளைக்காரரைத்தான் தேடும். அந்த மனுசர் தன்பாட்டில் போனைத் தடவிக்கொண்டிருப்பார். பின்மூலையிலிருந்து, முழங்காலைப் பிடித்தபடி, கறுத்துக் கட்டையான ஒரு யாழ்ப்பாணத்து ஆள் எழும்பி வருவார். "நல்ல பெயர், எங்கிருந்து வந்தது?" என்று கேட்பார்கள். குலசிங்கம் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கும் முப்பத்தேழு வயதாகி அதுவும் களைத்துப் போயிருந்தது.

கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்து மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற சமையல்கூடத்தில் அவருக்கு வேலை. தட்டு அடுக்குவதில் தொடங்கி, வண்டி தள்ளி, இப்போது குளிர் அறைக்குப் பொறுப்பாக நிற்கிறார். அங்கே அவர் மார்ட்டி. அஜின்கோர்ட்டில் வீட்டுக்கு வந்தால் மனைவி தவமணிக்கு "இஞ்சாருங்கோ". கோயிலில் குலசிங்கம். ஒரு நாளைக்கு மூன்று சட்டை மாற்றுவது போல மூன்று பெயர் மாற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போய்வந்து போய்வந்து மனுசர் தேய்ந்துவிட்டார்.

பெயர் வந்த கதை நீளமில்லை, அழகுமில்லை. எண்பத்தெட்டாம் ஆண்டு, கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜ். ஊரில் இருக்க முடியாமல் ஓடிவந்த பெடியங்கள் பத்துப் பேர் ஒரு அறைக்குள் கிடந்தார்கள். ஏஜென்சிக்காரன் குலசிங்கத்துக்குக் கொடுத்தது தலை மாற்றிய பாஸ்போட். அதாவது புத்தகம் வேறொருவனுடையது, விசா வேறொருவனுடையது, படம் மட்டும் குலசிங்கத்தினுடையது. அந்த வேறொருவன்தான் மார்ட்டின் ஹோல்புரூக், வெள்ளைக்கார வழிவந்த கொழும்புப் பறங்கியன். வேலை போய், குடி கூடி, விற்பதற்கு இனி ஒன்றுமில்லை என்ற நிலையில் பாஸ்போட்டையும் அடையாள அட்டையையும் விற்றவன். கையெழுத்துப் பழக்கிவிட ஒரு பின்னேரம் லொட்ஜுக்கு அவனே வந்தான்.

நல்ல உயரம். தோய்த்துத் தோய்த்து நிறம் போன சட்டை. குலசிங்கத்தின் கையைப் பிடித்து எழுத வைத்தான். எழுதி முடிந்ததும் தேத்தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, கொழும்புத் தமிழில், "எங்கப்பன் பேரு, கெடாம பாத்துக்கங்க மச்சான்" என்று சிரித்தான். அவ்வளவுதான் பழக்கம். ஆனால் சொன்ன வாக்குச் சொன்னதுதான் என்று நினைத்தாரோ என்னவோ, இந்த நாட்டில் அந்தப் பெயருக்கு ஒரு பொலிஸ் கேஸ் கிடையாது, ஒருவரோடு கைகலப்புக் கிடையாது. தன் சொந்தப் பெயரை இந்த அளவுக்கு அவர் கவனமாக வைத்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

பாஸ்போட்டை விமானக் கழிவறைக்குள் கிழித்துப் போட்டுவிட்டு, இறங்கினதும் சொந்தப் பெயரைச் சொல்லி அகதி என்று கேள் என்பது ஏஜென்சிக்காரன் போட்ட கட்டளை. அந்தக் காலத்தில் வந்த எல்லாரும் செய்த வேலைதான். குலசிங்கமும் உள்ளே போனார். பொத்தானை அமத்திப் பார்த்தார். அது போட்ட சத்தத்தில் மனுசருக்கு உயிர் போய்விட்டது. புத்தகம் அடைத்துக்கொண்டு, தண்ணீர் மேலே வந்து, யாருடைய வேலை என்று விமானமே கூடிநின்று கேட்டால் என்ன செய்வது? ஊரில் கிணற்றடிக்கு அப்பால் பின்வளவுக்குப் போய்ப் பழகினவருக்கு அப்படித்தான் யோசனை போயிற்று. பாஸ்போட்டை முழுசாகச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். ரொறன்ரோவில் அதிகாரி சட்டைப்பையைத் தடவி அதை எடுத்து, "மிஸ்டர் ஹோல்புரூக்?" என்றார். பயத்தில் வந்தது ஒரு சொல்தான். "ஓம்."

மொழிபெயர்க்க வந்த தமிழரே, யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்களுக்குள் இப்படி இங்கிலீசுப் பெயர் உண்டு என்று எடுத்துக்கொடுத்தார். அகதிக் கோரிக்கை அந்தப் பெயரிலேயே பதிவானது. பிறகு பார்த்த வக்கீல், "வந்த பேரோட இரும் தம்பி. இப்ப மாத்தினா முதல்ல சொன்னது பொய் எண்டாயிடும்" என்றார். குலசிங்கத்துக்கு அது மனதுக்கு ஒத்துவரவில்லை. பெயர்க்காரன் ஒரு நாள் தேடிவந்தால்? இரண்டு மாதம் கழித்து, தெருவோரத் தொலைபேசிக் கூண்டுக்குள் விறைத்துக்கொண்டு நின்று கொழும்புக்கு எடுத்தார்.

"அந்தாள் முடிஞ்சுது" என்றான் ஏஜென்சிக்காரன். "வெள்ளவத்தையில ரயில் அடிச்சது. வெறியில தண்டவாளத்தால நடந்திருக்கிறான். நான் கண்ணால பாத்தனான். ஐடென்ரிக் காட் என்னட்டத்தான் இருக்கு, ஆர் ஆள் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அநாதைப் பிணமா எடுத்துக்கொண்டு போயிட்டாங்கள். நீ பயப்பிடாமல் பேரை வைச்சிரு."

அன்றைக்குக் குலசிங்கத்துக்கு வந்தது நிம்மதி. வேறொன்றுமில்லை, சுத்தமான நிம்மதி. கடையில் ஒரு கோப்பி வாங்கிக் குடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். ஒரு மனுசன் செத்ததைக் கேட்டு நிம்மதிப்பட்டேனே என்று நினைக்கிற நேரமெல்லாம் இப்போதும் அவருக்கு உடம்பு கூசும். வெட்கம் என்பது பழகிப்போகிற சாமான் இல்லை.

அதன்பிறகு வாழ்க்கை வழமைபோல ஓடியது. தவமணியைக் கட்டினார். கோயில் மண்டபத்தில் குலசிங்கம் தாலி கட்ட, பதிவுக் காகிதத்தில் ஹோல்புரூக் கையெழுத்துப் போட்டார். ஒரே மகள் மயூரி பள்ளிக்கூடம் போனபோது, அப்பா வெள்ளைக்காரனோ என்று ரீச்சர் கேட்டுவிட்டு, பெற்றார் கூட்டத்துக்கு வந்த அப்பாவைக் கண்டு வாயை மூடிக்கொண்டார். வாடகைக்கு வீடு தேடின காலத்தில் போனில் பெயரைச் சொன்னால் வீடு இருக்கும், நேரே போய் நின்றால் அப்போதுதான் யாரோ எடுத்துவிட்டிருப்பார்கள். "நீங்கள் செத்தாலும் மரண அறிவித்தல் ரெண்டு அடிக்கவேணும்" என்று தவமணி பகிடி பண்ணுவாள். பகிடிக்குள்ளே பயம் இருந்தது. பொய் சொல்லிப் பெற்ற குடியுரிமையை எத்தனை வருடம் கழித்தும் பறிக்கலாம் என்று யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள். அவளுடைய பேப்பரும் இவருடைய பேப்பரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பேப்பரில் இவருக்கு வயது அறுபத்தாறு, உண்மையில் அறுபத்துநாலு. அறுபத்தைந்தில் கிடைக்கிற ஓய்வூதியத்துக்கு இன்னும் எழுதவில்லை. அந்த இரண்டு வயதும் மார்ட்டினுடையது, தனக்கு அதில் உரிமை இல்லை என்று ஒரு பிடிவாதம். தவமணி தலையில் அடித்துக்கொள்வாள். பெயரை எடுத்தவருக்கு வயதை எடுக்கக் கூச்சமாம், கேட்டீர்களா? ஆனால் மனுசர் அப்படித்தான், முழங்கால் வீங்க வீங்க வேலைக்குப் போனார்.

இந்த ஆவணி மாதம் ஒரு பின்னேரம் போன் வந்தது. ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் குரல், "மிஸ்டர் ஹோல்புரூக் இருக்கிறாரா?" என்றது. வீட்டுக் காற்றுக்குழாய் துப்புரவாக்கித் தருகிறோம் என்று நாளுக்கு நாலு பேர் எடுக்கிற ஊர் இது. குலசிங்கம் "நோ தாங்க்யூ" சொல்லி வைத்துவிட்டார். அடுத்த நாள் அவர் வேலையில் நிற்கும்போது அது மறுபடி வந்தது. தவமணி எடுத்தாள். ஷரோன் ஹோல்புரூக் என்று ஒரு பெண், பீட்டர்பரோவிலிருந்து, ஹோல்புரூக் குடும்பங்களைப் பற்றி விபரம் சேர்க்கிறாராம், வந்து பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். தவமணி, சனிக்கிழமை வாருங்கள் என்று சொல்லிவிட்டாள்.

"உனக்கென்ன விசரே?" என்றார் குலசிங்கம்.

"வேண்டாம் எண்டு சொன்னா ஏன் எண்டு சந்தேகப்படுவினம் எல்லே? ஆர் கண்டது, உள்ளுக்க கவண்மென்ற் ஆக்களோ என்னவோ. வரச்சொல்லி வடையும் தேத்தண்ணியும் குடுத்தா சாந்தமாப் போயிடுவினம்."

வேலியில் போன ஓணானை எடுத்து மடிக்குள் விட்ட கதைதான். ஆனால் எங்கள் ஆட்கள் அப்படித்தான். பயந்த இடத்தில் கதவைப் பூட்டமாட்டார்கள், பலகாரம் சுடுவார்கள்.

ஷரோன் வந்தார். எழுபது வயதிருக்கும், நூலகத்தில் வேலை செய்து ஓய்வெடுத்தவர், குட்டையாக வெட்டின நரைமுடி. கையில் ஒரு பெட்டி பட்டர் டார்ட், இந்த நாட்டு இனிப்பு. கதவைத் திறந்த குலசிங்கத்தைக் கண்டதும் அவருடைய கண்ணும் ஒரு கணம் பின்னால் யாரையோ தேடியது. பிறகு தானே வெட்கப்பட்டு, "மன்னிக்கவேண்டும், கசின் மார்ட்டின்" என்று கை கொடுத்தார். அந்தச் சொல்லைக் கேட்டதும் தவமணி வடைத்தட்டோடு குசினி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

நல்ல மனுசி. இருந்து, வடையை இரண்டு விரலால் பிட்டுத் தின்றுகொண்டு, பெயரின் கதையைச் சொன்னார். குலசிங்கம் முதலில் கேட்பதுபோல நடித்தார், பிறகு உண்மையாகவே கேட்டார். ஹோல்புரூக் என்றால் பள்ளத்துக்குள்ளே ஓடுகிற ஓடை. அந்தப் பெயரில் இங்கிலாந்தில் இரண்டு மூன்று ஊர்கள் உண்டு. டார்பிஷயர் பக்கத்தில் ஒன்று இருக்கிறது, அங்கே தான் போய்ப் பார்த்ததாகச் சொன்னார். முப்பத்தேழு வருடம் சுமந்த பெயருக்குள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது குலசிங்கத்துக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"இந்தப் பெயருள்ள எல்லாரும் ஒரே இரத்தம் இல்லை" என்றார் ஷரோன். "அந்த ஊரில் இருந்தவர்களுக்கு இந்தப் பெயர் தேவைப்படவில்லை. ஊருக்குள்ளே எல்லாரும் அந்த ஊர்தானே. வெளியேறி வேறு ஊருக்குப் பிழைக்கப் போனவனைத்தான் அங்கே உள்ளவர்கள் ஹோல்புரூக்கான் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். போனவனுக்கு வைத்த பெயர் இது."

குலசிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. ஸ்காபரோவில் அவருக்குத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் வேலணை ரீச்சர், கொக்குவில் ராசன், இணுவில் அன்ரி. வேலணையில் போய் வேலணை ரீச்சர் என்று கேட்டால் எந்த ரீச்சர் என்பார்கள். "நாங்களும் அப்பிடித்தான்" என்று தன் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார். ஷரோனுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. அரைமணி நேரம் அந்த வீட்டில் பயம் என்பதே இல்லாமல் இருந்தது.

அதன்பிறகு ஷரோனின் கதை இலங்கைக்கு வந்தது. அந்தக் காலத்தில் ஹோல்புரூக் ஒருவர் ரயில் பாதை போடுகிற வேலைக்கு இலங்கைக்குப் போய், அங்கேயே கட்டி, அங்கேயே செத்தார். அவர் வழியில் இப்போது எஞ்சியிருப்பது அவுஸ்திரேலியாவில், மெல்பேணில் ஒரு பெண், ஜெனாட். வயது எழுபத்தெட்டு. தனியே இருக்கிறார்.

"அவருக்கு ஒரு தம்பி. பெயர் மார்ட்டின்" என்றார் ஷரோன்.

குசினிக்குள் குழாயில் ஓடின தண்ணீர் நின்றது.

தாய் இல்லாத வீட்டில் பன்னிரண்டு வயது இளைய தம்பியைத் தூக்கி வளர்த்தது ஜெனாட்தான். கலியாணம் கட்டி மெல்பேணுக்குப் போனபிறகு, என்னையும் கூப்பிடு என்று அவன் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டான். முதலில் குடியை விடு, பிறகு பார்க்கலாம் என்று அவர் எழுதினார். அதுதான் கடைசி. பிறகு ஒரு சொல் இல்லை. கொழும்பில் ஆளை விட்டு விசாரித்தபோது, அவன் எண்பத்தெட்டில் கனடாவுக்குப் பறந்துவிட்டான், பதிவு இருக்கிறது என்று வந்து சொன்னார்கள். உயிரோடுதான் இருக்கிறான், என்மீதுள்ள கோபத்தில் ஒளிந்திருக்கிறான் என்றுதான் ஜெனாட் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"நீங்கள் அவரில்லை என்று கண்டதும் தெரிந்துவிட்டது" என்றார் ஷரோன். "ஆனால் ரொறன்ரோவில் ஒரு மார்ட்டின் ஹோல்புரூக் இருக்கிறார் என்று நான் அவசரப்பட்டு ஜெனாட்டுக்குச் சொல்லிவிட்டேன். அது என் பிழை. ஒருதடவை அவருடன் முகம் பார்த்துக் கதைப்பீர்களா? உங்கள் முகத்தைக் கண்டால்தான் தம்பியில்லை என்று நம்புவார்."

குலசிங்கம் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். தாங்கள் யாழ்ப்பாணம், வேறு குடும்பம், மிஷன் பள்ளிக்கூடத்தில் கிடைத்த பெயர் என்று வழக்கமான கதையைச் சொன்னார். அந்தக் கதை தடங்கல் இல்லாமல் வந்தது. வாயில் அது வழுக்கிக்கொண்டு வந்ததே அவருக்கு அருவருப்பாக இருந்தது. ஷரோன் தலையாட்டி, ஜெனாட்டின் நம்பரை வைத்துவிட்டுப் போனார்.

மார்ட்டின் செத்தது இப்போது உலகத்தில் குலசிங்கம் ஒருவருக்குத்தான் தெரியும். ஏஜென்சிக்காரனும் போய்ச் சேர்ந்து பத்து வருடம். சொன்னால் தன் பெயர் போகும், பேப்பர் போகும், தவமணியின் பேப்பரும் போகும். சொல்லாவிட்டால் அந்த மனுசி தம்பியின் கோபத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டே கண்ணை மூடுவார். இதைச் சுமந்துகொண்டுதான் குலசிங்கம் அடுத்தடுத்த கிழமைகள் வேலைக்குப் போனார். குளிர் அறைக்குள் நின்று கதவைத் திறக்கவா மூடவா என்பதை மறந்து நின்றார். நெடுஞ்சாலையில் இறங்கவேண்டிய இடத்தை இரண்டு தரம் தவறவிட்டார்.

கடைசியில் ரூஜில் இருக்கிற மயூரியை வரச்சொல்லி, தாய்க்கும் மகளுக்கும் எல்லாவற்றையும் சொல்லி, ஜெனாட்டிடமும் சொல்லப்போகிறேன் என்றார். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற பிள்ளை, எதையும் ஒழுங்காக யோசிப்பாள். "அப்பா, ஐ கெட் இட். ஆனா முதல்ல ஒரு லோயரோட கதைப்பம். நீங்கள் ஜஸ்ட் சொல்லேலாது. அந்த அன்ரி ஆருக்காவது ரிப்போர்ட் பண்ணினா?"

"அவவின்ர தம்பியின்ர பேரை வைச்சிருக்கிறன். ரிப்போர்ட் பண்ணினா அது ஞாயம்தானே பிள்ளை."

"ஞாயம் பேசுற வயசே இது?" என்றாள் தவமணி. "இத்தனை வருசம் வாயைத் திறக்காம இருந்திட்டு, கரைக்கு வாற நேரம் தோணியைக் கவிழ்க்கப் போறாராம். அந்த மனுசிக்கு எழுபத்தெட்டு. இன்னும் எத்தினை காலம்?"

சொல்லி முடித்தபிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. முகம் கறுத்தது. எழும்பிப் போய் அரிசியைக் களையத் தொடங்கினாள்.

குலசிங்கம் கோபப்படவில்லை. கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டும். "தவம், எனக்குக் களைச்சுப்போச்சு" என்றார். "இனி என்னால சுமக்க ஏலாது. அவ்வளவுதான்." ஞாயமும் இல்லை, தர்மமும் இல்லை. நீளத்துக்குத் தூக்கி வந்த மூட்டையை ஒருவன் இறக்கி வைக்கிற மாதிரித்தான் அவர் அதைச் சொன்னார். மயூரி போனை எடுத்து, மேசையில் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து, நம்பரை அமத்தினாள். இங்கே சனி பின்னேரம், அங்கே ஞாயிறு காலை.

திரையில் வந்தவர் நன்றாக மெலிந்திருந்தார். மாதா கோயிலுக்குப் போக உடுத்தியிருந்தார் போல, கழுத்தில் முத்துமாலை. கண்ணாடியைச் சரிசெய்து இவரை நெடுநேரம் பார்த்தார். முகத்தில் இருந்த ஏதோ ஒன்று மெல்ல இறங்கிப் போனது. "இல்லை" என்றார் ஆங்கிலத்தில். "நீங்கள் என் மார்ட்டின் இல்லை."

கொழும்பு ஆங்கிலம். இந்த நாட்டில் இத்தனை வருடம் இருந்து குலசிங்கத்துக்கு இவ்வளவு இலகுவாக விளங்கின ஆங்கிலம் வேறில்லை. அதனால்தானோ என்னவோ, தவமணி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தும் அவர் நிற்கவில்லை. "நான் மார்ட்டின் இல்லை. நான் எந்த ஹோல்புரூக்கும் இல்லை. உங்கட தம்பியின்ர பாஸ்போட்டில வந்தவன்" என்றார். லொட்ஜைச் சொன்னார். கையெழுத்துப் பழக்கியதைச் சொன்னார். எங்கப்பன் பேரு, கெடாம பாத்துக்கங்க மச்சான் என்று அவன் சிரித்ததைத் தமிழிலேயே சொல்லிப் பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். ஜெனாட்டின் வாய் கோணியது. "அவன்தான். அப்படித்தான் பேசுவான்" என்றார்.

பிறகு தண்டவாளத்தைச் சொன்னார். வெள்ளவத்தை என்றதோடு மகளைத் திரும்பிப் பார்த்தார். மயூரி தகப்பனின் முதுகில் கை வைத்துக்கொண்டு அவர் விட்ட இடத்திலிருந்து மெதுவாகச் சொல்லி முடித்தாள். "கேட்டவுடன நான் உங்களுக்குச் சொல்லியிருக்கவேணும்" என்றார் குலசிங்கம். "உங்களைத் தெரியாது. தேடவும் இல்லை. எனக்கு நிம்மதியா இருந்தது. அதுதான் உண்மை."

மெல்பேண் வீட்டில் ஒரு மணிக்கூடு அடிப்பது இங்கே கேட்டது. குலசிங்கம் திட்டுக்காகக் காத்திருந்தார். பொலிசுக்குச் சொல்லுவேன் என்று அவர் சொன்னால் சரி என்று சொல்லக்கூட ஆயத்தமாக இருந்தார்.

"எந்த வருடம் என்று சொன்னீர்கள்?"

"எண்பத்தெட்டு. மாசி இல்லாட்டிப் பங்குனி."

"என் கடிதம் போனது அந்தத் தை மாதம்." ஜெனாட் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். "அப்படியென்றால் அவன் என்னோடு கோபமாக இருக்கவில்லை. இந்த முப்பத்தேழு வருடமும் அவன் செத்துத்தான் இருந்திருக்கிறான்." அதைச் சொல்லிவிட்டு அழுதார். சத்தமில்லாமல், கையால் முகத்தை மறைக்காமல் அழுதார். இங்கே தவமணியும் அழுதாள். ஒருவரும் ஒருவரையும் தேற்றவில்லை.

கொஞ்சம் ஆறினபிறகு, என்றைக்குச் செத்தான், பூசை கொடுக்க ஒரு நாள் வேண்டுமே என்று ஜெனாட் கேட்டார். நாள் குலசிங்கத்துக்குத் தெரியாது. "எங்கட ஆக்களுக்கு ஒரு அமாவாசை இருக்கு" என்றார். "மாளயம் எண்டு சொல்லுறது, புரட்டாதியில வரும். செத்த நாள் தெரியாதவைக்கும் அண்டைக்குக் குடுக்கலாம். நீங்கள் விரும்பினா நான் குடுக்கிறன். அவர் உங்கட சமயம், அதுதான்..."

"மார்ட்டின் கோயில் பக்கமே போகாதவன்" என்றார் ஜெனாட், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "யார் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வான். கொடுங்கள்." ஷரோனுக்கு என்ன சொல்லுவீர்கள் என்று தவமணி கேட்க வாயெடுத்தாள். குலசிங்கம் கையால் மறித்தார். சத்தியம் வாங்கி இந்த மனுசியையும் ஒன்றைச் சுமக்க வைக்க அவருக்கு விருப்பமில்லை.

புரட்டாதி அமாவாசை வேலைநாளில் வந்தது. குலசிங்கம் வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு ஸ்காபரோவில் கோயிலுக்குப் போனார். அதுவரை ஒரு அரசாங்கக் கடிதமும் வரவில்லை. தபால்காரனின் காலடி கேட்டால் தவமணி இன்னும் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள். மண்டபத்துக்குள் ஆண்கள் வரிசையாகச் சப்பாணி கட்டி இருந்தார்கள். முழங்கால் மடியாததால் குலசிங்கம் ஒரு சின்ன ஸ்ரூலில் இருந்தார். ஐயர் ஆள் ஆளாகப் பெயர் கேட்டுக்கொண்டு வேகமாக வந்தார்.

தகப்பன் பெயர் சொன்னார். தாய் பெயர் சொன்னார். ஐயர் அடுத்த ஆளிடம் திரும்பும்போது, "இன்னுமொராள் இருக்கிறார், ஐயா. மார்ட்டின் ஹோல்புரூக்" என்றார். சுற்றியிருந்த இரண்டு மூன்று பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். ஐயரும் பார்த்தார்.

"உங்களுக்கு என்ன முறை?"

குலசிங்கம் அதை யோசித்து வைத்துக்கொண்டு வரவில்லை. "அண்ணை" என்றார்.

"கோத்திரம்?"

"தெரியாது. சிவகோத்திரம் எண்டு சொல்லுங்கோ."

ஐயர் பெயரை மெதுவாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். இடையில் நிறுத்தி, "எப்ப தவறினவர்?" என்று கேட்டார்.

"கன காலம்" என்றார் குலசிங்கம், எள்ளும் தண்ணீரும் ஏந்தக் கையை நீட்டிக்கொண்டு. "சொல்லத்தான் இவ்வளவு நாளாப் போச்சுது, ஐயா."